கண்டக்டர் வாசித்த மனு

“இந்த அம்மா சம்பளம் வாங்குறது வேலை செய்யவா, இல்ல வேடிக்கை பார்க்கவா?”

மனுவைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு கத்தினார் கண்டக்டர். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகிறது. குரலுக்கு மட்டும் இன்னும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை. வாய்க்கால் சீரமைப்புக் கூட்டுக்குழுவின் கூட்டம். குடியிருப்போர் சங்கம், வியாபாரிகள் சங்கம், நகராட்சி மூன்றும் சேர்ந்து நடத்துகிற குழு அது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அறையை ஒதுக்கியிருந்தார்கள். பெரிய மனிதர்கள் எல்லாம் முழங்கால் மோவாயில் இடிக்கச் சின்னப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

நகராட்சி சார்பில் வந்திருந்தவர் சுகாதார ஆய்வாளர் அம்மா. திட்டு வாங்குவது அவர்தான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“மூணாவது பாலத்துக்குக் கீழ நாப்பது அடி நீளத்துக்கு அடைப்பு. அஞ்சு வாரமா அப்படியே கிடக்கு. தூர் வாருற மெஷின் எங்க? மழை ஆரம்பிச்சா கீழத் தெருவுல அறுபது வீட்டுக்குள்ள சாக்கடை வரும். அப்ப இந்த அம்மாவா வந்து அள்ளப் போறாங்க? இதோ, ஒரு நகல் கமிஷனருக்கு. இன்னொண்ணு மாவட்ட ஆபீசுக்கு. ரெண்டும் தபால்ல போயாச்சு!”

மனுவை மேசையில் ஓங்கி அடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

குழுத் தலைவர் மருந்துக்கடைக்காரர். கடையில் விற்கிற ரத்தக் கொதிப்பு மாத்திரையை அவரே போட்டுக்கொள்ளும்படி ஆகியிருந்தது.

“மாசா மாசம் இதே கூத்து! இந்த மனுஷனை யாருய்யா குழுவுல சேர்த்தது?”

“நீங்கதான் தலைவரே” என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். “கீழத் தெரு சார்பா ஒரு ஆள் வேணும்னீங்க.”

“சேர்த்தேன், தப்புத்தான். அதுக்காக இப்படியா? காலையில அஞ்சு மணிக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கிட்டு வாய்க்கால்ல இறங்குற ஆபீசரை வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா? இவர் புண்ணியத்துல போன வருஷம் அம்மாவுக்கு ரெண்டு மெமோ. வர வேண்டிய பிரமோஷனும் நின்னு போச்சு. இவர் என்னைக்காவது ஒரு கூடை மண்ணு அள்ளிப் போட்டிருப்பாரா?”

அங்கே இருந்த மற்றவர்களும் அள்ளிப் போட்டதில்லை.

“போதும். ரெண்டு தீர்மானம் போடுறோம். ஒண்ணு, கண்டக்டரைக் குழுவை விட்டு நீக்குறோம். ரெண்டு, அம்மாவைப் பாராட்டி மாவட்ட ஆபீசுக்குக் கடிதம் அனுப்புறோம். சம்மதம்னா கையைத் தூக்குங்க.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆய்வாளர் அம்மா மட்டும் பதறி எழுந்தார்.

“சார், ரெண்டுமே வேண்டாம் சார்.”

“ஏம்மா? இவ்வளவு திட்டு வாங்கியும் உங்களுக்கு ரோஷம் வரலையா?”

“அதில்ல சார். பக்கத்து வார்டுல இப்படித்தான் பாராட்டிக் கடிதம் போட்டாங்க. ‘அங்க பிரச்சினை எதுவும் இல்ல’ன்னு முடிவு பண்ணி, இருந்த மெஷினையும் வேற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. எங்க ஆபீசுல பாராட்டு வந்தா ஃபைல்ல வச்சு மூடிடுவாங்க. புகார் வந்தாத்தான் திறப்பாங்க.”

“அதுக்காகக் கண்டவன் பேசுறதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கணுமா? அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும்மா. நீங்க சும்மா இருங்க, நாங்க பார்த்துக்கறோம்.”

அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “குப்பை லாரி வந்திருக்கும், நான் கிளம்புறேன்” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தலைவருக்கு உறைத்தது. நகராட்சி சார்பில் வந்த அம்மாவின் கையெழுத்து இல்லாமல் தீர்மானம் செல்லாது.

“நல்லது செய்யப் போனாலும் நாமதான் பின்னாடி ஓட வேண்டியிருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே நோட்டும் கையுமாகப் படியிறங்கினார்.

சைக்கிள் ஷெட் பக்கம் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். எதிரே கண்டக்டர்.

தலைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் திட்டியது போதாதென்று தனியாக வேறு மடக்கி மிரட்டுகிறானா? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று விறுவிறுவென்று நடந்தார்.

நான்கு தப்படி இருக்கும்போது கண்டக்டரின் பேச்சு காதில் விழுந்தது. அந்தத் தொண்டையால் இவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்பதே தலைவருக்குப் புதுசு. அப்படியே நின்றுவிட்டார்.

“மழைக்குள்ள மெஷின் வந்துடுமாம்மா?”

“வந்துடும்ணே. நகல் போயிருக்குல்ல, புதன்கிழமைக்குள்ள விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வரும். பதில் எழுதும்போது மெஷின் இல்லாததுதான் காரணம்னு எழுதிடுவேன். அதுக்கப்புறம் அவங்க குடுத்துத்தான் ஆகணும். நானா கேட்டு எழுதுன நாலு கடிதத்துக்கும் இதுவரைக்கும் பதிலே இல்ல.”

கண்டக்டர் தலையைச் சொறிந்தார்.

“ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. கோவிச்சுக்காதீங்க.”

“என்னண்ணே?”

“நீங்க எழுதிக் குடுத்த மனுவுல ‘மனசாட்சியே இல்லாத அதிகாரி’ன்னு ஒரு வரி இருந்துச்சே, அதை மட்டும் வாசிக்க எனக்கு வாய் வரலம்மா.”