நேரத்துக்கு வந்த ஆமை

“இது நம்ம ஆமையே இல்ல, டீச்சர்!”

ஜன்னல் சார் புத்தகத்தை மடியில் தொப்பென்று போட்டார். மறதிக்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி அது. ஜன்னலோர நாற்காலியை எவருக்கும் விட்டுத்தர மாட்டார் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் ஜன்னல் சார்தான். புத்தகத்தோடு வருகிற அவளைப் பள்ளிக்கூட டீச்சர் என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். அவளும் திருத்தவில்லை.

உண்மையில் அவள் படக்காரி. ‘அவசரம்’ என்று பெயர் வைத்த ஆமைக்குட்டியை முதல் புத்தகத்திலிருந்து வரைகிறவள். எழுதியவர் வேறு ஒருவர். அவர் எழுதுவதை விட்டதும், பதிப்பாளர் இந்தப் புதுப் புத்தகத்தின் கதையையும் அவள் தலையில் கட்டிவிட்டார்.

புத்தகம் மண்ணைக் கவ்வியது. பழைய ஆமைக்காகத் தூங்காமல் அடம்பிடித்த பிள்ளைகள், இதில் மூன்றாம் பக்கத்திலேயே கொட்டாவி விட்டார்கள். “இன்னும் ஒண்ணு எழுதுங்க. அதுவும் இதே லட்சணம்னா ஆமைக்கு மூடுவிழாதான்” என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கே கோட்டைவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதைச் சொல்ல ஜன்னல் சாரை விட்டால் ஆள் கிடையாது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஆமைக் கதைகளை மட்டும் வரி பிசகாமல் ஒப்பிப்பார்.

“எது சார் பிடிக்கல?” என்று கேட்டாள்.

“பிடிச்சது எதுன்னு கேளுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்.” அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலால் தட்டினார். “இங்க பாருங்க. ஆமை தொப்பலா நனைஞ்சு நிக்குது. படத்துலயே தெரியுது. கீழ என்ன எழுதியிருக்கு? ‘மழை பெய்தது. ஆமை நனைந்தது.’ பிள்ளைங்களுக்குக் கண்ணு இல்லையா? பழைய ஆளா இருந்தா என்ன எழுதியிருப்பார் தெரியுமா? ‘எனக்கு வேர்க்குதுன்னு சொன்னது அவசரம்.’ அவ்வளவுதான். பொய் சொல்லுதுன்னு பிள்ளை கண்டுபிடிச்சுச் சிரிக்கும்.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதை எழுதினது யாரு?”

“படம் போடறவங்கதான், சார்.”

“அதானே பார்த்தேன்! தான் போட்ட படத்து மேலயே அந்தம்மாவுக்கு நம்பிக்கை இல்ல. அதான் வாயாலயும் சொல்லிக்கிட்டே இருக்காங்க.” கடைசிப் பக்கத்துக்குப் போனார். “இது அதைவிட மோசம். அவசரம் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேருது. ஆமை நேரத்துக்கு வந்துட்டா அப்புறம் எதுக்கு டீச்சர் புத்தகம்?”

“வீட்டுல காத்துட்டு இருக்கறவங்க பாவம் இல்லையா, சார்?”

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள். அவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதாவது இருக்கிறதா என்று அவள் ஆசையோடு தேடினாள். ஒன்றும் இல்லை. யாரோ ஒரு டீச்சரைப் பார்க்கிற மரியாதை மட்டும்தான் இருந்தது.

அவர் மறுபடியும் அந்தப் படத்தைத் தடவிப் பார்த்தார். பேச்சில் இருந்த காரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“எழுதினவங்களுக்கு ஏதோ துக்கம் போலிருக்கு. யாரோ வீடு திரும்பணும்னு ஏங்கறாங்க. அதைக் கொண்டுவந்து ஆமை முதுகுல ஏத்திட்டாங்க. சின்னக் குட்டி, அது எவ்வளவுதான் சுமக்கும்?”

அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடடே, நீங்க எதுக்கு டீச்சர் கண் கலங்கறீங்க? எழுதினது நீங்களா என்ன!” என்று சமாதானப்படுத்தினார் ஜன்னல் சார். “ஆமா, அந்தப் பழைய கதைக்காரர் இருக்காரா, போய்ச் சேர்ந்துட்டாரா?”

“இருக்கார்.”

“அப்ப என்ன கவலை? அந்தம்மாவை நேரா அவர்கிட்ட போகச் சொல்லுங்க. கூச்சப்படாம புத்தகத்தைக் கையில குடுக்கச் சொல்லுங்க. நாலு வார்த்தை திட்டுவார். திட்டட்டுமே! எங்க சறுக்குச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்.” திடீரென்று சந்தேகம் வந்தவராகக் குரலைத் தாழ்த்தினார். “குடுத்தா படிப்பார் இல்ல?”

“இப்பதான் சார் படிச்சு முடிச்சார்” என்று சொல்லிவிட்டு, கணவரின் மூக்கிலிருந்து கண்ணாடியை மெல்லக் கழற்றி உறையில் போட்டாள் படக்காரி.