மூலைக்கால்

எலெரியின் அப்பா ஆல்வின் மறுபடியும் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். எம்ரிஸ் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தான். எத்தனை மதிப்பெண் போனதோ!

வரும் வழியிலேயே காதலி எலெரி அவனை மிரட்டி வைத்திருந்தாள். “அப்பா முப்பது வருஷமா கேரவன் வச்சிருக்காரு. வாயே திறக்க மாட்டாரு, பாத்துக்கிட்டே இருப்பாரு. போன கோடையில ஒருத்தன் நிறுத்தின லட்சணத்தப் பாத்துட்டு, ‘இவன் நமக்கு வேணாம்மா’ன்னுட்டாரு.”

கடலைப் பார்த்துச் சரிந்த வேல்ஸ் புல்மேடு. முன்னாலேயே வந்து இடம்பிடித்தவர்கள் மடக்கு நாற்காலிகளை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையில் டீயோடு தயாராக இருந்தார்கள். முகாமில் இதைவிட நல்ல இலவசக் காட்சி ஏது?

எலெரி காரைப் பின்னுக்கு எடுக்க, அதில் கோத்திருந்த சக்கரவீடான கேரவனின் தாழ்ந்த பக்கச் சக்கரம் சாய்பலகையில் மெல்ல ஏறியது.

“இன்னும் கொஞ்சம்... இன்னும்... நில்லு! நில்லுடீ!”

“கத்தாத, ஊரே பாக்குது!”

குறுக்காக வைத்த ரசமட்டத்தில் குமிழ் நடுவே நின்றது. எம்ரிஸ் கேரவனின் கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு ஆப்பு வைத்தான். ஆப்பு யாருக்கு என்பது இனிமேல்தான் தெரியும்.

காரின் கொக்கியைக் கழற்றினான். ‘கடக்’கென்று கேரவன் ஒரு விரல்கடை நகர்ந்தது. கீழே, சரிவின் முடிவில், யாரோ கட்டியிருந்த சின்ன நீலக் கூடாரம். நாற்காலிக்காரர்களின் டீ அந்தரத்தில் நின்றது.

ஆப்பு பிடித்துக்கொண்டது. எம்ரிஸுக்கு மூச்சு வந்தது.

“முன்பக்கம் தணிஞ்சிருக்கே தம்பி,” என்று முதல்முறையாக வாய் திறந்தார் ஆல்வின். “மூலைக்கால இறக்கி, அதாலயே தூக்கிரலாமே?”

பொறி வைக்கிறார் மனுஷன்! எம்ரிஸ் அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தான். “வேணாம் சார். அந்தக் காலு தாங்கத்தான், தூக்கறதுக்கு இல்ல. தூக்கினா அடிச்சட்டமே முறுக்கிக்கும். முன்சக்கரத்தத் திருகித்தான் உயர்த்தணும்.”

“ஓஹோ.” நோட்டில் இன்னொரு வரி.

எம்ரிஸ் கொக்கிக்கருகே இருந்த சின்ன முன்சக்கரத்தின் கைப்பிடியைத் திருகினான். நீளவாக்கில் திருப்பி வைத்த ரசமட்டத்தில் குமிழ் போக்குக் காட்டியது, ஓடியது, கடைசியில் மனமிரங்கி நடுவில் உட்கார்ந்தது. நான்கு மூலைக்கால்களையும் பலகைத்துண்டுகள்மேல் அழுந்தி நிற்கும்வரை இறக்கினான்.

ஆல்வின் உள்ளே ஏறினார். நடந்தார். அந்த வயதில் இரண்டுமுறை குதித்தும் பார்த்தார். கேரவன் அசையவில்லை.

இறங்கி வந்தவர் சிரிக்கவில்லை. “பின்பக்கம் வா.”

எலெரி நகத்தைக் கடித்தாள். எம்ரிஸ் பலியாடு மாதிரி பின்னால் போனான்.

கேரவனின் மறைவுக்குப் போனதும் ஆல்வின் சுற்றுமுற்றும் பார்த்தார். அவன் தோளில் கை போட்டுக் காதோரம் குனிந்தார்.

“தேதியக் குறிச்சிரலாம் மாப்ள. முப்பது வருஷமா எனக்கே இது பிடிபடல, நீ செய்யறதத்தான் எழுதிக்கிட்டிருந்தேன். குடும்பத்துல ஒருத்தனுக்காவது இது தெரிய வேணாமா?”