சூட்டுக்கு விட்ட இடம்

மகள் யாழினியை அடக்கம் செய்த மறுவாரம் தங்கவேல் அவளுடைய ரேஸ் பைக்கின் இன்ஜினைப் பிரித்தார். புது பிஸ்டன் ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் இறக்கி, ஓரிடத்தில் வெட்டுவிட்ட அந்த வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவே அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தார். இடைவெளி போதவில்லை. ரிங்கை வெளியே எடுத்து ஒரு முனையை அரத்தால் ராவினார்.

டார்ச் பிடித்திருந்த மனைவி கேட்டாள்: “எதுக்குங்க இத்தனை இடைவெளி?”

“புள்ள வண்டிய விரட்டுவாள்ல. சூட்டுல ரிங் நீளும். இடம் விடலைன்னா முனை ரெண்டும் முட்டி, இன்ஜின் இறுகிரும்.”

“இனி இது எங்கங்க சூடாகப் போகுது?”

அரம் நின்றது.

“அடுத்த ரேஸ் சித்திரையில. வெயில் கொளுத்தும்” என்றவர், இன்னும் கொஞ்சம் ராவினார்.

அவள் டார்ச்சை ரிங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.