முதல் பத்து விநாடி

மலேசியாவின் ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகர்களுக்கு, ஆய்வுத் தரவுகளைப் பராமரிக்க ரூபேந்திரன் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில், காஹாங் செம்பனைத் தோட்டத்துப் பறவைகளின் ஒலிப்பதிவுகள்.

“ஒவ்வொண்ணுலயும் முதல் பத்து விநாடி, தேதி, இடம்னு ஆய்வாளர் பேசறாரு. அதை எழுத்துல போட்டுட்டு, பேச்சை வெட்டிடுங்க முபீனா. நமக்குப் பறவைதானே முக்கியம்.”

நூலகர் முபீனா சுட்டியிலிருந்து கையை எடுத்தார். “அப்படியே இருக்கட்டுமே சார்.”

“யாரு லா கேக்கப்போறா?” என்றபடி, பதிவுகள் எத்தனை முறை கேட்கப்பட்டன என்று காட்டும் பயன்பாட்டுக் கணக்கைத் திறந்தவர் அசந்துபோனார். “அலமாக்! ரெண்டு வருஷமா ஒரே ஆளு தினமும் கேக்கறாரு. பறவைப் பைத்தியம் போல. எதுக்கும் அவர்கிட்ட கேட்டுட்டு வெட்டுங்க.”

“கேட்டாச்சு சார். வெட்ட வேணாமாம்.”

“அதுக்குள்ளயா? யாரு அது?”

“நான்தான். பேசறது எங்க வீட்டுக்காரர். அவர் மவுத்தாகி ரெண்டு வருஷமாச்சு. பறவை கத்த ஆரம்பிச்சதும் நிறுத்திடுவேன்.”