கம்பெனி ரகசியம்

"பல்லைக் கடிக்குதே சம்பத், உங்க டிஸ்க்குக்கு எங்க மெஷினைப் பிடிக்கலையா?" என்றாள் காந்திமதி.

சம்பத் பிளாப்பியை வெளியே எடுத்தான். சட்டையில் துடைத்து, ஊதி, மறுபடி செருகினான். மறுபடியும் அதே கரகரப்பு. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது.

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் காந்திமதியின் டிடிபி சென்டர். ஒரே கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர். அந்த வட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் பாதி அங்கேதான் தயாராகும். காலையில் விண்டோஸ் படுத்துவிட்டது. சம்பத் வந்து முதலிலிருந்து ஏற்றிக் கொடுத்துவிட்டான். பிரிண்டருக்கான டிரைவர்தான் பாக்கி.

"கம்ப்யூட்டர் பேசறது பிரிண்டருக்குப் புரியாது மேடம். நடுவுல எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். அதான் டிரைவர்" என்று இரண்டு வருஷமாக அவளுக்கு விளக்குகிறவன் அவன்தான்.

"அந்த ஆளை எனக்கும் ஒரு டிஸ்க்குல போட்டுக் குடுத்துடுங்களேன்" என்பாள்.

"கம்பெனி ரகசியம் மேடம்."

ரகசியமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிழைப்பு. டிஸ்க் கடைக்காரர்களிடம் இருந்தால் சர்வீஸ்காரனை எவன் கூப்பிடுவான்? பதினான்கு டிஸ்க்குகள் வைத்திருந்தான். எதையும் எவருக்கும் கொடுத்ததில்லை, சொந்த ஆபீசுக்குக்கூட. ராத்திரி ஆனால் குரோம்பேட்டை வீட்டு பீரோவில் பூட்டிவிடுவான். பகலில் தோள்பையைவிட்டு அவை வெளியே வராது. வேலை முடிந்ததும் எதிர்க்கடையில் டீயும் சிகரெட்டும் ஆகும்வரை பை இங்கே நாற்காலியில் இருக்கும். "பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான்.

இப்போது டிஸ்க்கின் தகட்டைத் தள்ளிப் பார்த்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஐப்பசி மழை பூட்டிய பீரோவுக்குள்ளும் புகுந்திருந்தது.

"கெட்டுப்போச்சா?"

"சேச்சே! இது பழைய வெர்ஷன் மேடம். புதுசு ஆபீஸ்ல இருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"அப்படியா? பூஞ்சை மாதிரி தெரிஞ்சுதே."

"அது... டிசைன்."

காந்திமதி சிரிக்கவில்லை. அச்சில் பிழையாகிப்போன ரோஸ் அழைப்பிதழ்களைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். எதையும் வீணாக்க மாட்டாள்.

"அஞ்சு மணிக்குக் கல்யாண வீட்டுக்காரங்க ப்ரூஃப் பாக்க வராங்க. அதுக்குள்ள பிரிண்ட் வந்தா சர்வீஸ் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடறேன். வரலைன்னா சேலையூர் சர்வீஸ்காரர் ஜெபசீலனைக் கூப்பிட்டுக்கறேன்."

ஏற்கெனவே மூன்று கடைகள் ஜெபசீலனிடம் போய்விட்டன. நான்காவதும் போனால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மணி மூன்று. ஆபீசில் புதுசும் இல்லை, பழசும் இல்லை. சம்பத் வண்டியைக் கிளப்பினான். ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் நின்று, மானத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, சேலையூர் போய்ச் சேர்ந்தான்.

"இன்னா மச்சான், கேட்டைத் தாண்டி வந்துகினு கீறே? வழி தவறிடுச்சா?" என்றான் ஜெபசீலன்.

சம்பத் தரையைப் பார்த்தபடி பிரிண்டர் மாடலைச் சொன்னான்.

"அந்த டிரைவர் உன்கிட்ட மட்டும்தான் கீதுன்னு ஜிஎஸ்டி ரோடு பூரா சொல்லிகினு திரிஞ்சியே!"

"கீதுப்பா. அவசரத்துக்கு..."

"சரி சரி, அழுவாதே." மேஜையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினான். சம்பத் வாங்கித் திருப்பிப் பார்த்தான். இது இவனிடம் எப்படி?

"யார் குடுத்தது உனக்கு?"

"பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துகீறேன். கேக்கறவனுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டேன்னும் குடுத்துகீறேன். அதான் உனக்கே குடுக்கறேன். பத்திரமா வச்சிக்க, பூஞ்சை பிடிச்சிடப் போவுது."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சம்பத் திரும்பி வந்தான். டிஸ்க் சத்தமில்லாமல் ஓடியது. பிரிண்டர் முனகி, உருண்டு, ஒரு தாளைத் துப்பியது. எழுத்தெல்லாம் கருகருவென்று இருந்தது.

போன உயிர் வந்ததும் அவனுக்கு வாயும் வந்தது. "பாத்தீங்களா மேடம்? புது வெர்ஷன். நேத்துதான் பெங்களூர்லேர்ந்து வந்துது. தமிழ்நாட்டுலயே மொத டிஸ்க் இதுதான்."

"அடேங்கப்பா" என்றாள் காந்திமதி. கான்ட்ராக்ட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

சம்பத் பையை நாற்காலியில் வைத்தான். "ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன். பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க மேடம்."

"இனிமே பையை இங்க வச்சிட்டுப் போக வேண்டாம் சம்பத், என் வேலை முடிஞ்சுது."

அவள் டிரைவிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள். லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெல்ல உரித்துத் திருப்பிக் காட்டினாள். ரோஸ் அட்டை. அதில் 'அகரம்தென் கங்கையம்மாள் பேத்தி காதணி வி' என்ற வரை இருந்தது. மிச்சத்தைக் கத்தரிக்கோல் தின்றிருந்தது.

பிறகு மேஜையடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தாள். உள்ளே வரிசையாகப் பதினான்கு டிஸ்க்குகள், பதினான்கிலும் ரோஸ் லேபிள்.

"கெட்டுப்போச்சான்னு கேட்டப்பவே ஆமான்னு சொல்லியிருந்தா, சேலையூர் வரைக்கும் அலைஞ்சிருக்க வேண்டாமே?"