நாலு இறக்கை

"இருக்கிறதுலேயே மெதுவா போற புரொப்பல்லர் எதும்மா?"

மெக்கானிக்கம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

படகுத்துறையில் மோட்டார் கடை போட்டு ஆறு வருஷம் ஆகிறது. வேகமாகப் போக எதை மாட்டலாம் என்று கேட்காத ஆளே கிடையாது. மெதுவாகப் போக வழி கேட்டு வந்தது இவரோடு சேர்த்து ரெண்டே பேர்.

முதல் ஆள், போன ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு பள்ளிக்கூடத்து வாண்டு. கேலி பண்ணுகிறது என்று நினைத்து, "நாலு இறக்கை மாட்டினா மெதுவாத்தான் போகும். போ, போய்ப் படிக்கிற வழியைப் பாரு" என்று விரட்டிவிட்டாள்.

இந்தப் படகுக்காரருக்கோ நாற்பது வயசிருக்கும். முகத்தில் விளையாட்டே இல்லை.

"இப்ப என்ன போட்டிருக்கீங்கண்ணே?"

"மூணு இறக்கை. பதிமூணு இன்ச்."

"ஒரு சுத்துக்குப் பதிமூணு இன்ச் முன்னால தள்ளும். உங்க மோட்டாருக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. அதை எதுக்குக் கழட்டணும்? பாரம் ஏத்துறீங்களா?"

"இல்லம்மா. ஒம்போது இன்ச் இருந்தா குடுங்க."

"அதை மாட்டினா மோட்டார் தறிகெட்டுச் சுத்தும். மூணே மாசத்துல என்கிட்டயே தூக்கிட்டு வருவீங்க. எனக்கு வேலைதான், ஆனா மனசு கேக்காதே!"

அவர் அசையவில்லை.

மெக்கானிக்கம்மாவுக்கு எரிச்சல் வந்தது. வீட்டில் பால்குடிப் பிள்ளை காத்திருக்கிறது. கடையைச் சாத்துகிற நேரத்தில் இப்படி ஒரு ஆள்!

"மெதுவா போகணும்னா கைப்பிடியைக் கொஞ்சமா முறுக்குங்க. இதுக்குப் போய் யாராவது புது புரொப்பல்லர் வாங்குவாங்களா?"

"கைப்பிடி என் கையில இருந்தாத்தானேம்மா..."

"பின்ன யாரு கையில?"

"என் பொண்ணு. அவங்கம்மாவோட அக்கரையில இருக்கா. சனிக்கிழமை என்கிட்ட வருவா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடணும். ஆசைப்பட்டாளேன்னு ஓட்டக் கத்துக்குடுத்தேன். இப்ப என்னடான்னா ஏறினதும் முழுசா முறுக்கிடுறா. இருபது நிமிஷத்துல அக்கரை வந்து நின்னுடுது."

"மெதுவா போம்மான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவளுக்கு வேகம்னா உசுரு. இருக்கிறது ஒரு நாள். அதுலயும் அதைச் செய்யாதே, இதைச் செய்யாதேன்னா..."

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெக்கானிக்கம்மா உள்ளே போனாள். மேல் தட்டிலிருந்த ஒரு பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வந்தாள்.

"பத்து இன்ச், நாலு இறக்கை. தண்ணியை இறுக்கிப் பிடிக்கும். மோட்டாரும் தறிகெட்டுப் போகாது. எவ்வளவு முறுக்கினாலும் இருபத்தேழு நிமிஷமாவது ஆகும்."

"ஏழு நிமிஷம் கூடவா!"

ஏழு நாள் லீவு கிடைத்த மாதிரி சிரித்தார் மனுஷன்.

"அவ நோட்டு வாங்கப் போயிருக்காம்மா. வர்றதுக்குள்ள மாட்டிடுங்க, புண்ணியமாப் போகும்" என்றவர், பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மெக்கானிக்கம்மா மோட்டாரைத் தூக்கிச் சாய்த்தாள். பழசைக் கழற்றி, புதுசை மாட்டி, நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ படகுக்குள் குதிக்கும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தாள். முதுகில் பை, கையில் புது நோட்டு. போன ஞாயிற்றுக்கிழமை வந்த அதே வாண்டு!

சிறுமி புரொப்பல்லரைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று விரல் விட்டு எண்ணினாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"அக்கா, நான் கேட்டதை அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஏண்டி, சொல்லக் கூடாதா?"

"அப்பாவுக்கு வேகமா போனாத்தான் பிடிக்கும். ஓட்டக் கத்துக்குடுத்தப்ப, முழுசா முறுக்கினதும் கை தட்டினாரு. அதான் அப்படியே ஓட்டுறேன். எனக்காக மெதுவா போனா அவருக்கு போரடிக்கும்ல?"

தூரத்தில் அவர் கேனோடு வேர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருந்தார்.

மெக்கானிக்கம்மா கடைசிப் பின்னைச் செருகி, வளைத்து விட்டாள். கிரீஸ் கையைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலடி தங்கம். உன்னை மாதிரியே அவரும் வந்து கேட்டாரு."