வால் எஞ்சின் அணைந்த பிறகு

பயணிகளை இறக்கிவிட்டு நிற்கிற விமானத்தின் வாலுக்குள் சின்ன எஞ்சின் ஒன்று இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது. விளக்குக்கும் குளிர்காற்றுக்கும் அதுதான் எரிபொருளைக் குடித்துப் புகையைக் கக்கும். அந்தப் புகையைக் குறைக்க இன்று முதல் தரையிலிருந்தே மின்சாரம். கேபிள்காரர் கனத்த கேபிளைத் தோளில் சுமந்து வந்து, விமானத்தின் மூக்குக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுகிறார். பச்சை விளக்கு எரிகிறது. மேலே, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் விமானி எஞ்சினை அணைக்கிறார். இரைச்சல் இளைத்து இளைத்து நின்றுபோகிறது. வாலுக்குப் பின்னால் அனலில் நெளிந்த தூரத்துக் கட்டடம் நேராகிறது. யாரோ தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதுகூடக் கேட்கிறது. விமானியின் விரல் மட்டும் சுவிட்சை விட்டு நகரவில்லை. காதுமூடியைக் கழற்றாத கேபிள்காரர், இருபது வருடப் பழக்கத்தில், பக்கத்தில் நிற்கும் மச்சானிடம் தொண்டை கிழியக் கத்துகிறார். “பாத்துக்கிட்டே இரு மச்சான், இந்த ஆளுக்கு நம்ம கேபிள் மேல நம்பிக்கையே கிடையாது. லைட்டு ஒரு தடவ சிமிட்டினா போதும், மறுபடியும் எஞ்சினப் போட்டுருவாரு.” பெட்டி இறக்குபவர்கள் தலை நிமிர்த்தி விமானியின் ஜன்னலைப் பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வரிசை முழுக்க விளக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. மச்சான் எட்டி, கேபிள்காரரின் ஒரு பக்கக் காதுமூடியை மெதுவாக விலக்கிவிடுகிறார். விமானி சுவிட்சிலிருந்து எடுத்த வெற்றுக் கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் சொல்கிறார்: “சிமிட்டிடுச்சுப்பா. போடல.”